ரெண்டை அமத்தினனான்

மாமி சொன்ன ஒரு வசனம் மூன்று மாதமாக என்னோடு வேலைக்கு வந்து போகிறது. "நான் ரெண்டைத்தான் பிள்ளை அமத்தினனான்." மாமி என் அப்பாவின் தங்கை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் தனியாக இருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை வேலை முடிந்து எட்டிப் பார்த்தபோது, கால் இரண்டையும் முக்காலியில் தூக்கி வைத்தபடி விசிறிக்குக் கீழே சாய்ந்திருந்தார். 101 பஸ்சில் நின்றபடி ஆஸ்பத்திரிக்குப் போய், கண் டொக்டர் இன்று வரமாட்டார் என்று கவுண்டரில் சொன்னதைக் கேட்டுவிட்டு, திரும்பவும் நின்றபடி வந்திருக்கிறார். வந்த நேரம் பார்த்து லிஃப்ட்டும் வேலை செய்யவில்லை. 76 வயது. "போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே மாமி" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. அதற்கு வந்த பதில்தான் அந்த வசனம். ஆஸ்பத்திரி இலக்கத்துக்கு அடித்தால், தமிழில் பேச 2 ஐ அழுத்தச் சொல்லும்.

பிறகு நடந்ததைச் சொன்னார். "ரெண்டை அமத்தினவுடன பாட்டுப் போச்சுது. கன நேரம் போச்சுது. பிறகு ஒரு பெட்டை வந்து சிங்களத்தில கதைச்சாள். தமிழ் ஆக்கள் இல்லையோ எண்டு கேட்டன். பொட்டக் இன்ன, கொஞ்சம் நில்லுங்கோ எண்டாள். திருப்பியும் பாட்டு. எனக்குக் கை உளைஞ்சு போச்சு, வச்சிட்டன். நேர போறதுதான் சுகம் எண்டு வெளிக்கிட்டன்." கோபம் இல்லாமல்தான் சொன்னார். மழை பெய்தது, நனைந்தேன் என்பதுபோல. ஆனால் அந்த "ரெண்டைத்தான்" என்ற சொல்லில் ஒரு அழுத்தம் இருந்தது. தான் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தேன், பிழை தன்னுடையதல்ல என்று யாரோ ஒருவரிடம் பதிந்துவைக்கும் அழுத்தம்.

ஒரு விஷயத்தை நான் அன்று மாமியிடம் சொல்லவில்லை. அந்த இலக்கத்துக்கு வரும் அழைப்புகள் போய்ச் சேருவது நான் வேலை செய்யும் கோல் சென்டருக்குத்தான். (இடத்தின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் இங்கே வேண்டாம்.) பதினொரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு தமிழ் அழைப்புகளை எடுத்தேன். இப்போது யார் எத்தனை மணிக்கு எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று ரோஸ்டர் போடுகிறேன். ஹோல்ட், டிரான்ஸ்ஃபர், ஓவர்ஃப்ளோ என்ற சொற்களை நாள் முழுக்கப் பேசுகிறவள் நான். மாமியின் வாயில் அவை எல்லாம் "பாட்டு" என்ற ஒரே சொல்லாகியிருந்தன. அந்தப் பாட்டுக்குள் என்ன நடந்தது என்று தேடிப் பார்க்காமல் எனக்கு நித்திரை வரவில்லை.

டயல் டோனிலிருந்து

மாமியின் வீட்டில் இருப்பது பழைய செப்புக் கம்பி இணைப்பு. றிசீவரைத் தூக்கியதும் இழுத்துக்கொண்டு கேட்கும் சத்தம்தான் டயல் டோன். "கேட்டுக்கொண்டிருக்கிறேன், இலக்கத்தை அடி" என்று எக்ஸ்சேஞ்ச் தரும் குரல் அது. கம்பியில் ஓடும் 48 வோல்ட் நேரோட்டமும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பற்றறிகளிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களிலும் மாமியின் போன் உயிரோடு கிடந்தது. ஃபைபருக்கு மாற்றச் சொல்லி ஆட்கள் வந்தபோது மாமி கேட்ட முதல் கேள்வி, "கரண்ட் போனால்?" மிகச் சரியான கேள்வி. ஃபைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். இன்னொரு விஷயம், மாமி இன்றைக்கும் தன் இலக்கத்தை ஆறு எண்களில்தான் சொல்வார். 2003 இல் கொழும்பின் 01 என்ற குறியீடு 011 ஆகி, பழைய இலக்கங்களின் முன்னால் 2 வந்து ஒட்டிக்கொண்டது. அந்த 2 எந்தக் கம்பனியின் இணைப்பு என்பதைச் சொல்லும் எண். மாமிக்கு அது இன்னும் விருந்தாளிதான்.

இலக்கத்தை அடித்த பிறகு காதில் விழும் "ட்ரிங் ட்ரிங்" மற்றப் பக்கத்தில் அடிக்கும் மணி என்று பலர் நினைக்கிறோம். அது ரிங்பேக் டோன். அழைக்கிறவரின் ஆறுதலுக்காக நெட்வேர்க் தானே உண்டாக்கி ஊட்டும் சத்தம். அங்கே மணி அடிப்பதும் இங்கே கேட்பதும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "ரெண்டு ரிங்கிலேயே எடுத்திட்டன், நீங்கள் அஞ்சு எண்டுறியள்" என்று வீடுகளில் வரும் சண்டைக்கு இதுதான் காரணம். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. லைன் எல்லாம் நிறைந்திருந்தால் கேட்பது வேறு, அது பிஸி டோன். பிஸி டோன் கேட்டவர் எங்கள் வாசலுக்கே வந்து சேரவில்லை என்று பொருள். எங்கள் ரிப்போர்ட்டில் அவர் ஒரு எண்ணாகக்கூட வரமாட்டார்.

இதற்கிடையில் மாமியின் குரலுக்கு முன்னரே அவருடைய இலக்கம் எங்களிடம் வந்துவிடுகிறது. சிஎல்ஐ என்று சுருக்கிச் சொல்வார்கள். அழைப்பவரின் லைனை அடையாளம் காட்டுவது. இந்த இலக்கத்திலிருந்து இதற்கு முன் வந்த அழைப்புகள் எத்தனை, ஒவ்வொரு முறையும் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதெல்லாம் கணினிக்குத் தெரியும். மாமி ஒவ்வொரு முறையும் 2 தான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறோம்: சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3.

அந்த 2 ஐ அழுத்தும்போது கம்பியில் போவது எண் அல்ல, இரண்டு சுரங்கள். 697 ஹேர்ட்ஸில் ஒன்று, 1336 ஹேர்ட்ஸில் ஒன்று. பொத்தான் பலகையின் ஒவ்வொரு கிடை வரிசைக்கும் ஒரு சுரம், ஒவ்வொரு நெடு வரிசைக்கும் ஒரு சுரம். இரண்டும் சேர்ந்து ஒலித்தால்தான் அந்த எண். மனிதக் குரல் தற்செயலாகவும் அப்படி இரண்டு சுரத்தைச் சேர்த்து எழுப்பிவிடக் கூடாது என்று பார்த்துத் தெரிந்தெடுத்த அளவுகள் அவை. 1963 இல் அமெரிக்காவில் பாவனைக்கு வந்த முறை, இன்றும் மாறவில்லை. மாமி அமத்தினவர்தான். சுரம் சரியாக வந்தது. எங்கள் இயந்திரமும் சரியாகவே கேட்டது. அதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது.

ஏழு நிமிடம் பதினேழு வினாடி

அடுத்த நாள் காலை வேலைக்குப் போனதும் முதல் வேலையாக மாமியின் இலக்கத்தைத் தேடினேன். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சாதகம் மாதிரி பதிவு இருக்கும், பிறந்த நேரம் தொடங்கிப் போய்ச்சேர்ந்த நேரம் வரை. மாமியின் அழைப்பு 10:07:14 க்கு உள்ளே வந்தது. 10:07:41 க்கு 2 அழுத்தினார். 10:07:44 க்குத் தமிழ் வரிசையில் சேர்ந்தார். மூன்று நிமிடம் யாரும் எடுக்கவில்லை. 10:10:44 க்கு ஓவர்ஃப்ளோ, அதாவது இந்த வரிசையில் நிரம்பி வழிந்ததைப் பக்கத்து வரிசையில் ஊற்றிவிடும் விதி வேலை செய்தது. பொது வரிசையில் 10:11:20 க்கு ஒருவர் எடுத்தார். 38 வினாடி பேச்சு. 10:11:58 க்கு டிரான்ஸ்ஃபர், திரும்பத் தமிழ் வரிசைக்கு. 10:14:31 க்கு மாமி றிசீவரை வைத்தார். முழுக்க ஏழு நிமிடம் பதினேழு வினாடி.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த ஏழு நிமிடமல்ல. ரிப்போர்ட் அதை எப்படி வைத்திருந்தது என்பதுதான். எங்கள் கணக்கில் மாமி ஒரு ஆள் இல்லை, இரண்டு அழைப்புகள். முதலாவது "பதிலளிக்கப்பட்டது". 38 வினாடியில் முடிந்ததால் அந்த ஏஜென்ட்டின் சராசரிக் கையாளும் நேரத்தை, எங்கள் பாஷையில் ஏஎச்டி, குறைத்துக் கொடுத்த நல்ல அழைப்பு. டிரான்ஸ்ஃபர் ஆனவுடன் இரண்டாவது அழைப்பு புதிதாகப் பிறக்கிறது, வரிசையின் கடைசியில். அதற்குக் காத்திருந்த நேரம் இரண்டு நிமிடம் முப்பத்து மூன்று வினாடி மட்டும். முதல் காத்திருந்த மூன்று நிமிடம் முப்பத்தாறு வினாடி அதில் சேராது. ஒரு கிழவியின் பொறுமையை நடுவில் முறித்து இரண்டு பெட்டிக்குள் போட்டால், எந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இந்த முறையைப் பதினொரு வருடமாக அறிவேன். அதன் உள்ளே எனக்குத் தெரிந்த ஒருவர் இருப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

38 வினாடியின் ஒலிப்பதிவையும் கேட்டேன். கேட்க எனக்கு அனுமதி உண்டு. மாமியின் குரல் வீட்டில் கேட்பதைவிடச் சின்னதாக இருந்தது. "தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ பிள்ளை?" அந்தப் பிள்ளை சேர்ந்து இரண்டாவது வாரம். "பொட்டக் இன்ன அம்மா" என்றுவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் சிங்களத்தில், தமிழ் வரிசைக்கு எதை அழுத்துவது என்று பதற்றமாகக் கேட்பதும் பதிவாகியிருக்கிறது. ம்யூட் போட மறந்துவிட்டாள். ஹோல்ட் என்றால் அழைத்தவருக்குப் பாட்டு, ம்யூட் என்றால் எங்கள் வாய் மட்டும் மூடும். புதியவர்களுக்கு இந்த இரண்டும் குழம்பும். அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டிருந்தாள். மிச்ச ஆறு நிமிடம் முப்பத்தொன்பது வினாடிக்கு ஒலிப்பதிவு கிடையாது. வரிசையில் நிற்பவர் என்ன சொன்னார், பெருமூச்சு விட்டாரா, கையை மாற்றிப் பிடித்தாரா என்பது எங்கேயும் இல்லை.

கைவிட்டது யார்

இரண்டாவது அழைப்பின் கடைசிக் கட்டத்தில் ஒரு சொல் இருந்தது. ஆங்கிலத் திரையில் அபண்டன்ட் (abandoned). பதில் கிடைக்கும் முன் அழைத்தவர் வைத்துவிட்டுப் போன அழைப்பு. நாள்தோறும் நூறு தடவை பார்க்கும் சொல். நாலு வருடத்துக்கு முன் தமிழ் ஏஜென்ட்டுகளின் பயிற்சிக் குறிப்பை மொழிபெயர்க்கச் சொன்னபோது, அதை "கைவிடப்பட்ட அழைப்பு" என்று எழுதியவள் நான்தான். அகராதியைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தேன்.

அன்று காலை அந்தத் தமிழ்ச் சொல் மனதில் வந்து நின்றது, அசையவில்லை. ஆங்கிலத் திரையில் அதைப் பார்க்கும்போது, வாடிக்கையாளர் பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்றே எங்களுக்கு விளங்கும். செய்தவர் அவர். எங்கள் கூட்டங்களிலும் அப்படித்தான் பேசுவோம்: "ஆட்கள் பொறுமை இல்லாமல் வைக்கிறார்கள்." தமிழில் கைவிடப்பட்டது என்று சொன்னால் யாரும் அப்படி விளங்கிக்கொள்ள மாட்டார்கள். கைவிடப்பட்ட முதியவர், கைவிடப்பட்ட பிள்ளை. "என்னைக் கைவிட்டிடாதை முருகா" என்று மாமி விளக்கேற்றும்போது சொல்வதும் அதே சொல்தான். பிடித்திருந்த கை ஒன்று விட்டுவிட்டது, விடப்பட்டவர் நடுவழியில் நிற்கிறார். மாமி அழைப்பைக் கைவிட்டார் என்று திரை சொன்னது. நான் நாலு வருடத்துக்கு முன் யோசிக்காமல் எழுதிய தமிழ், மாமியை யாரோ கைவிட்டார்கள் என்று சொன்னது. ஏழு நிமிடம் பதினேழு வினாடிக்குப் பிறகு, எது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

யாரோ என்றால் யார்? ரோஸ்டரைத் திறந்தேன். திங்கட்கிழமை காலை தமிழ் வரிசையில் இரண்டு பேர். 10:00 முதல் 10:15 வரை அதில் ஒருவருக்குத் தேத்தண்ணி இடைவேளை. கீழே தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். மாமி றிசீவரை வைத்தது இடைவேளை முடிய 29 வினாடி இருக்கும்போது.

இருபது பேருக்கும் இரண்டு பேருக்கும்

இதில் என் தொழிலுக்குள் இருக்கிற ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "தமிழ் ஆட்கள் கூப்பிட்டால் மட்டும் ஏன் இவ்வளவு நேரம்" என்று கொழும்பில் கேட்காத வீடு இல்லை. வேண்டுமென்று செய்கிறார்கள் என்பது பலரின் முடிவு. 1987 இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியான நாட்டில், 2 ஐ அழுத்தி 1 க்குப் போய்ச் சேர்ந்த அனுபவம் இத்தனை பேருக்கு இருந்தால் வேறு எந்த முடிவுக்கு வருவார்கள்? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரும் வேண்டுமென்று செய்யாமலேயே இது நடக்கும். அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருக்கிறது.

கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த அக்னர் கிராருப் ஏர்லாங் என்ற டேனிஷ் கணிதக்காரர் 1909 இலும் 1917 இலும் வெளியிட்ட கட்டுரைகளில்தான் எங்கள் தொழிலின் அத்திவாரம் இருக்கிறது. அழைப்புகள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, கொத்துக் கொத்தாக வரும், பிறகு ஓயும். அதற்கு எத்தனை லைன், எத்தனை ஆள் வேண்டும் என்று அவர் சூத்திரம் கண்டார். வேலையின் அளவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒரு ஏர்லாங் என்றால் ஒரு ஆளை ஒரு மணித்தியாலம் முழுக்கப் பிடித்து வைக்கும் பேச்சு. மணிக்கு 20 அழைப்பு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்றால் சரியாக ஒரு ஏர்லாங். எங்கள் தமிழ் வரிசை காலையில் ஏறக்குறைய அந்த அளவு.

அதற்கு இரண்டு பேரை வைத்தால், ஆளுக்குப் பாதி நேரம் ஓய்வு கிடைக்கும். தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஏர்லாங்கின் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: அழைப்பவர்களில் மூன்றில் ஒருவர் காத்திருக்க வேண்டிவரும், அப்படிக் காத்திருப்பவர் சராசரியாக மூன்று நிமிடம் நிற்பார். இனி இதையே பத்தால் பெருக்குங்கள். மணிக்கு 200 அழைப்பு, 20 பேர். இங்கேயும் ஆட்களுக்குப் பாதி நேரம் ஓய்வுதான். ஆனால் காத்திருப்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஒரே விகிதம், ஒரே உழைப்பு, ஒரே சம்பளம். வரிசை சின்னது என்ற ஒரே காரணத்துக்காக அதில் நிற்பவர் தண்டனை அனுபவிக்கிறார். இப்போது அந்த இரண்டு பேரில் ஒருவரைத் தேத்தண்ணிக்கு அனுப்புங்கள். ஒரு ஏர்லாங் வேலைக்கு ஒரே ஒரு ஆள். கணக்கில் அந்த வரிசை ஒருபோதும் தீராது, நிற்க நிற்க நீளும். இருபது பேரில் ஒருவர் தேத்தண்ணிக்குப் போனால் யாருக்கும் தெரியாது. எல்லா வரிசைக்கும் ஒரே மாதிரி இடைவேளை போடுவது நியாயம் என்று ஐந்து வருடமாக நம்பியவள் நான்.

ரிப்போர்ட் ஏன் இதைக் காட்டவில்லை என்றால், மேலிடம் பார்ப்பது சேர்விஸ் லெவல் என்ற ஒற்றை எண்ணை. 80/20 என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் இலக்கு, நூற்றுக்கு 80 அழைப்பை 20 வினாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது. சிங்கள வரிசையில் 200, தமிழில் 20 என்று வையுங்கள். தமிழில் கூப்பிட்ட இருபது பேரையும் ஏழு ஏழு நிமிடம் நிற்க வைத்தாலும், மற்ற 200 ஐயும் நேரத்துக்கு எடுத்திருந்தால் மொத்தக் கணக்கு 90 வீதத்துக்கு மேல் வரும். கைதட்டல் கிடைக்கும். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது முன்னால் எத்தனை ஓட்டோ நிற்கிறது என்று கண்ணால் கண்டோம். பின்னால் நிற்பவரோடு கதைத்தோம், வெயிலுக்குக் குடை பகிர்ந்தோம். போன் வரிசையில் நிற்கிறவருக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. நிற்க வைக்கிறவர்களுக்கும் அவரைத் தெரியாது.

எக்ஸ்சேஞ்சின் கதையைத் தொடக்கத்திலேயே பயிற்சியில் சொல்லித் தருவார்கள், நான் அதைச் சும்மா கதையாகத்தான் கேட்டிருந்தேன். அமெரிக்காவில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்ற ஒருவர் சவப்பெட்டி, ஈமக்கிரியைத் தொழில் நடத்தியவர். தன்னைக் கேட்டு வரும் அழைப்புகளை ஒப்பரேற்றர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, மனிதக் கை இல்லாமல் இணைக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். 1891 இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது உறுதியான விஷயம். கேட்ட இடத்துக்குக் கோல் போகவில்லை என்ற மனக்குறைதான் தானியங்கி எக்ஸ்சேஞ்சின் பிறப்புக் கதை என்று இப்போது தோன்றுகிறது. ஒப்பரேற்றர் இருந்த இடத்தில் இன்று விதிகள் இருக்கின்றன. விதிகளை எழுதுகிற கை இன்னும் மனிதக் கைதான். அன்று அது என்னுடைய கை.

தள்ளிவிடுதல், கையில் கொடுத்தல்

சுப்பவைசரிடம் மூன்று விஷயம் கேட்டுப் போனேன். முதலாவது டிரான்ஸ்ஃபர். அதில் இரண்டு வகை. பிளைண்ட் டிரான்ஸ்ஃபர் என்றால் பொத்தானை அழுத்தித் தள்ளிவிடுவது, அங்கே யார் எடுக்கிறார், எடுக்கிறாரா என்றே பார்ப்பதில்லை. வோர்ம் டிரான்ஸ்ஃபர் என்றால், முதல் ஆள் லைனில் நின்றபடி அடுத்தவரைக் கூப்பிட்டு, "ஒரு அம்மா கண் டொக்டரின் நேரத்தைக் கேட்கிறா, கொஞ்சம் பாருங்கோ" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு விலகுவது. இரண்டாவதுக்குக் கூடுதலாக அரை நிமிடமாவது போகும், அந்த நேரம் ஏஜென்ட்டின் ஏஎச்டியில் ஏறும். நல்லது செய்தவரின் எண் கெட்டுப்போகும். ஆகவே அந்த நேரத்தை அவர்கள் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும் என்றேன். இரண்டாவது, தள்ளிவிடப்பட்ட அழைப்பு வரிசையின் கடைசியில் போய் நிற்காமல், ஏற்கெனவே நின்ற நேரத்தையும் சுமந்துகொண்டு முன்னால் வர வேண்டும். இவை இரண்டுக்கும் அதிகம் வாதாட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வெறும் ஒரு செற்றிங்.

மூன்றாவதுக்குத்தான் இரண்டு கூட்டம் தேவைப்பட்டது. காலையில் தமிழ் வரிசைக்கு மூன்றாவது ஆள். "பாதி நேரம் சும்மா இருக்கிற இடத்துக்கு இன்னும் ஒருத்தரா?" என்றார்கள். சொல்லப்பட்ட எண் சரிதான். இரண்டு பேர் இருந்தால் பாதி நேரம் ஓய்வு, மூன்று பேர் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு. நான் மற்ற எண்ணைக் காட்டினேன். மூன்று பேர் இருந்தால் காத்திருப்பவர் மூன்றில் ஒருவராக இருந்தது பதினொன்றில் ஒருவராகிவிடும். ஒருவர் தேத்தண்ணிக்குப் போனாலும் மிச்சம் இரண்டு பேர். அதற்கும் அசையவில்லை. கடைசியில் மாமியின் பதிவைத் திரையில் போட்டேன், இலக்கத்தை மறைத்து. துண்டு துண்டாக இல்லாமல், 10:07:14 முதல் 10:14:31 வரை ஒரே கோடாக. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அது யாருடைய அழைப்பு என்று நான் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. காலை 9 முதல் 12 வரை ஒரு ஆள் தந்தார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, மூன்று மொழியும் தண்ணி பட்ட பாடு. பின்னேரங்களுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயிற்சிக் குறிப்பில் என் மொழிபெயர்ப்பையும் மாற்றச் சொல்லிக் கேட்டார்கள், அது மிகக் கடுமையாக இருக்கிறதாம். மாற்றவில்லை.

மாமியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடியப்பமும் சொதியும் முடிந்து தட்டுக் கழுவும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அந்த நம்பர் எங்கட இடத்துக்குத்தான் வாறது, ரெண்டு பேரில ஒராளை அந்த நேரம் தேத்தண்ணிக்கு விட்டது நான்தான் என்று. மாமி தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுத்தான் திரும்பினார்.

"அந்தப் பிள்ளை ஒழுங்காக் குடிச்சவளோ?"

"ஓம் மாமி."

"அப்ப சரி. அவளும் விடிய வெளிக்கிட்டு வாறவள்தானே."

பிறகு அவரே கேட்டார், அந்தப் பாட்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று. மேலே எழுதியதை எல்லாம் அன்று முதலில் மாமிக்குத்தான் சொன்னேன், ஹோல்ட், கியூ, தள்ளிவிடுதல், கையில் கொடுத்தல் என்று. ஏர்லாங்கை அவருக்குச் சந்தைக் கணக்கில் சொன்னேன், மீன்காரர் இரண்டு பேர் நிற்கும் சந்தையும் இருபது பேர் நிற்கும் சந்தையும் என்று. உடனே பிடித்துக்கொண்டார். போனுக்கு மேலே தொங்கும் கலண்டரின் ஓரத்தில் ஒரு வசனத்தைத் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார், ஆர் எடுத்தாலும் சொல்வதற்கு: "மாத்தி விடேக்க நீரும் லைனில நில்லும் பிள்ளை." சிங்களத்தில் அதை எப்படிச் சொல்வது என்று கேட்டு, அதையும் தமிழ் எழுத்தில் கீழே எழுதியிருக்கிறார்.

போன கிழமை போனபோது அந்தக் கலண்டரில் வேறு எழுத்தும் இருந்தது. திகதிக் கட்டங்களுக்குள், பென்சிலால், றிசீவரைத் தூக்கிய நேரமும் ஆள் வந்த நேரமும். ஆஸ்பத்திரி, தண்ணி பில், காஸ் கடை என்று எல்லாவற்றுக்கும். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் 9.42, பக்கத்தில் 9.43. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு புதன்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்தார். அங்கே 3.10, பக்கத்தில் 3.16.

"பின்னேரம் இன்னும் ரெண்டு பேர்தான் போல" என்றார்.